விண்மீன் பேரரசும் நாமக்கல் மண்ணும்



அரசாட்சியை விளையாட்டாக்கிப் பார்க்கும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. நம் ஊர்க் கோயில் மண்டபங்களின் கல்தளத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். முக்கோணமும் குறுக்குக் கோடுகளுமாக ஒரு கட்டம் கீறப்பட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். அதுவே ஆடுபுலி ஆட்டத்தின் களம். புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. ஆயினும் ஆடுகள் கூடி நின்று புலியை அசையவொட்டாமல் அடைத்துவிடும். வலிமை ஒருபுறம், எண்ணிக்கை மறுபுறம். சதுரங்கம் இரு தரப்புக்கும் சமமான படையைத் தருகிறது. ஆடுபுலியோ உலகத்தில் உள்ள ஏற்றத்தாழ்வையே விதியாக எடுத்துக்கொள்கிறது. இந்த எளிய ஆட்டத்தில் இவ்வளவு அரசியல் அடங்கியிருக்கிறது!

மேல்நாட்டிலும் இந்த ஆசை ஒரு கலையாக வளர்ந்தது. 1824இல் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் படை அதிகாரி, நிலப்படத்தின்மீது கட்டைகளைப் படைப்பிரிவுகளாக நகர்த்தி, பகடை உருட்டி, நடுவர் ஒருவரை வைத்து ஆடும் போர் விளையாட்டு ஒன்றைத் தம் தளபதிகளுக்குக் காட்டினார். பொழுதுபோக்கு என்று எண்ணி வந்த தளபதிகள், இது படைப்பயிற்சிக்கே உரியது என்று கண்டு ஏற்றுக்கொண்டார்கள். போர்க்களத்திற்குப் போகாமலே போரைப் பற்றிச் சிந்திக்க ஒரு வழி கிடைத்தது.

இவ்விரண்டின் வழியில் வந்த பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்க ஓர் ஆட்டம் இன்று கணிப்பொறித் திரையில் நடக்கிறது. ஸ்வீடன் நாட்டின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016 மே மாதம் வெளியிட்ட 'ஸ்டெல்லாரிஸ்' என்பது அதன் பெயர். அதை இயக்கும் அடிப்படை நிரலுக்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயர் 'கிளாஸ்விட்ஸ்'. போரின் இயல்பைப் பற்றி ஆழ்ந்து எழுதிய பிரஷ்யத் தளபதியின் பெயர் அது. பழைய உறவை மறக்கவில்லை போலும்! என்னிடம் பயிலும் மாணவர் சிலர் அதில் இரவு நெடுநேரம் மூழ்கியிருப்பதை அறிந்து, நானும் சில மாதங்கள் ஆடிப் பார்த்தேன். அது எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அது கற்பிக்கும் பாடத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆட்டம் 2200ஆம் ஆண்டு தொடங்குகிறது. ஆடுபவரின் கையில் ஒரு கிரகம், அதில் ஒரு மக்கட்கூட்டம், சில கப்பல்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான விண்மீன்கள். அவற்றில் பெரும்பாலானவை பற்றி ஒன்றும் தெரியாது. காலம் நாள் நாளாக நகர்கிறது. மாதத்திற்கு 30 நாள், ஆண்டுக்கு 12 மாதம். ஆகவே அந்த உலகில் ஆண்டு என்பது 360 நாள். கணக்குப் போடுவதற்கு எளிது என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. தனியே ஆடுபவர் எந்தக் கணத்திலும் காலத்தை நிறுத்திவைத்துச் சிந்திக்கலாம். மெய்யான அரசர் எவருக்கும் கிட்டாத வரம் அது.

முதல் வேலை அறிவது. ஆய்வுக் கப்பல் ஒன்று விண்மீன் விண்மீனாகச் சென்று, எந்தக் கிரகத்தில் என்ன கனிமம் உண்டு, எங்கே மக்கள் குடியேறலாம் என்று அளந்து எழுதுகிறது. இரண்டாவது, கட்டுமானக் கப்பல் அங்கே காவல் நிலையம் அமைத்து எல்லையை நீட்டுகிறது. மூன்றாவது, குடியேற்றக் கப்பல் மக்களைக் கொண்டு சேர்க்கிறது. கப்பல்கள் நினைத்த திசையில் எல்லாம் பறந்துவிட இயலாது. விண்மீன்களுக்கிடையே வகுக்கப்பட்ட பாதைகள் உண்டு. தருமபுரியிலிருந்து சேலத்திற்கு வரும் லாரி எதுவும் தொப்பூர்க் கணவாயைக் கடந்துதானே வரவேண்டும்? அதுபோலப் பல பாதைகள் ஒரே விண்மீனில் வந்து கூடும் இடங்கள் உள்ளன. அந்த வாயிலைப் பிடித்துக் கோட்டை கட்டியவன், பின்னால் உள்ள பத்து விண்மீன்களையும் ஒரே காவலால் காக்கிறான். ஆட்டத்தில் தேர்ந்தவர் செல்வமுள்ள இடத்தைவிட இத்தகைய வாயிலையே முதலில் தேடுகிறார்.

அடுத்தது பொருளாதாரம். ஆட்டத்தின் உயிர்நாடி இதுதான். அடிப்படையாக வருவன மூன்று: ஆற்றல், கனிமம், உணவு. ஆற்றலே அங்கே நாணயமாகவும் வழங்கிவந்தது. கனிமத்தை ஆலைக்கு அனுப்பினால் கலப்பு உலோகமாகலாம், அல்லது நுகர்பொருளாகலாம். கலப்பு உலோகம் கப்பல் கட்ட உதவும். நுகர்பொருள் மக்களுக்கும் ஆராய்ச்சியாளருக்கும் வேண்டும். நம் ஊரிலேயே இதற்கு உவமை உண்டு. சேலத்திற்கு வடக்கே உள்ள குன்றுகளில் வெட்டும் வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட், சுட்டுச் செங்கலாக்கப்பட்டு இரும்பு உருக்கும் உலையின் உட்சுவராகிறது. நாமக்கல் பண்ணையில் மக்காச்சோளம் தீவனமாகி, தீவனம் முட்டையாகி, முட்டை லாரியேறிப் பல மாநிலங்களுக்குப் போகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றவை எல்லாம் நின்றுபோகும் அன்றோ? ஆட்டத்திலும் அப்படியே. உணவைப் புறக்கணித்துப் படையைப் பெருக்கியவன், சில ஆண்டுகளில் படைக்குச் செலவிட ஆற்றலும் இன்றி, மக்களுக்கு உணவும் இன்றித் தவிப்பான். கப்பல் சும்மா நின்றாலும் மாதந்தோறும் செலவு வைக்கும்.

இத்தனையும் நடப்பது எவ்வாறு? கணிப்பொறி மாதந்தோறும் ஒரு கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். ஓர் உதாரணம் சொல்கிறேன். சுரங்கத் தொழிலாளி ஒருவர் மாதம் 4 அலகு கனிமம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய கருவி ஒன்று கண்டுபிடித்ததால் நூற்றுக்கு 20 மிகுதி. நல்ல ஆளுநர் அமைந்ததால் நூற்றுக்கு 10 மிகுதி. இரண்டையும் கூட்டினால் 30. ஆகவே 4 என்பது 5.2 ஆகிறது. இதுபோன்ற பல்லாயிரம் சிறு கூட்டல்களும் பெருக்கல்களும் சேர்ந்தே ஒரு பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும் திரையில் தோன்றுகின்றன. எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை ஆடுபவர் திறந்து பார்க்கலாம்.

அண்டை அரசுகளின் மனமும் அப்படியே கூட்டல் கழித்தலால் ஆனதுதான். எதிரே ஆடும் பேரரசுகளைப் பெரும்பாலும் கணிப்பொறியே நடத்துகிறது. நாம் வணிக உடன்படிக்கை செய்துகொண்டால் நட்புக் கணக்கில் சில புள்ளிகள் கூடும். எல்லைகள் நெருங்கி உரசினால் சில குறையும். கொள்கை ஒத்துப்போனால் கூடும், முரண்பட்டால் குறையும். ஒவ்வோர் அரசும் தொடக்கத்திலேயே சில கோட்பாடுகளைத் தேர்ந்துகொள்கிறது. அவை எதிரெதிர் இணைகளாக அமைந்தவை: படைவலிமையா, அமைதியா, ஒருவரின் அதிகாரமா, சமத்துவமா, பிறரை வெறுப்பதா, வரவேற்பதா, ஆன்மிகமா, பொருள்முதல் நோக்கா. தேர்ந்த கோட்பாடு பின்னர் நம் கையையே கட்டும். அமைதியை ஏற்றவர் நினைத்தபோது படையெடுக்க இயலாது. கொள்கை என்பது கொடியில் எழுதும் சொல்லன்று, அதற்கு விலை உண்டு என்பதை ஆட்டம் நன்றாகவே உணர்த்துகிறது.

விஞ்ஞான வளர்ச்சிக்கு அமைந்த விதியும் நுட்பமானது. இயற்பியல், சமூகம், பொறியியல் என மூன்று துறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சில ஆராய்ச்சிகளே சீட்டுக் கட்டிலிருந்து எடுத்துவைத்தாற்போல நம்முன் வரும். அவற்றுள் ஒன்றைத்தான் எடுக்கலாம். மற்றவை கட்டுக்குள் திரும்பிப் போகும், மீண்டும் எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே ஒருமுறை வென்ற வழியையே மறுமுறையும் மனப்பாடமாக நடத்த முடியாது. மேலும், நாடு விரிய விரிய ஆராய்ச்சிக்கு ஆகும் செலவும் கூடும். பரந்த நாடெல்லாம் சிறந்த நாடாகிவிடாதபடி ஒரு தடை.

போரிலும் கணக்குத்தான். கப்பலுக்குக் காப்புத்திரை, கவசம், உடல் என மூன்று அரண்கள். குண்டுவீசும் பீரங்கி திரையை எளிதில் உடைக்கும், கவசத்தில் தடுமாறும். ஒளிக்கதிர்ப் பீரங்கி கவசத்தை எளிதில் அறுக்கும், திரையில் தடுமாறும். எதிரி எதை அணிந்திருக்கிறான் என்று அறியாமல் எந்தக் கருவியும் சிறந்ததாகாது. மோதலுக்கு முன்பே, உலைக்களத்தில் முடிவாகிவிடும் போர்களே மிகுதி. வழக்கமான அமைப்பில் 2400ஆம் ஆண்டுக்குப் பின்னர் அண்டம் முழுவதையும் அழிக்கவல்ல பேரிடர் ஒன்று எழும். அதுவரை பகைத்து நின்றவர்களும் ஒன்றுகூட வேண்டிய கட்டாயம் வரும். 2500இல் மதிப்பெண் கூட்டி வென்றவர் யார் என்று அறிவிக்கப்படும்.

ஆட்டத்தின் அமைப்பு இதுதான். இனி, இதைவிட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்தக் கணக்கில் வராதது எது?

நம் மாவட்ட வரலாற்றைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். 1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. கம்பெனி அனுப்பிய அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே செய்த தலையாய வேலை நிலத்தை அளந்ததுதான். வயல் வயலாக அளந்தார்கள், மண்ணைத் தரம் பிரித்தார்கள், தீர்வை விதித்தார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தில் பரவிய இரயத்துவாரி முறைக்கு வித்து ஊன்றியது இந்த மண்ணில்தான். விண்மீன் பேரரசில் ஆய்வுக் கப்பல் செய்வது என்ன? அதே வேலை. அளப்பதும் எழுதுவதும் ஆளுவதன் முதற்படி என்பதை ஆட்டம் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறது. ஆனால் அளப்பவனுக்கு நிலம் கணக்காகத் தெரிகிறது. உழுபவனுக்கு அது வாழ்க்கையாகத் தெரிகிறது. திரையின்முன் அமர்ந்தவர் எப்போதும் அளப்பவனின் நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறார்.

மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அந்த அணை, காவிரிப் படுகையின் வயல்களுக்கு நீரும், ஆலைகளுக்கு மின்சாரமும் தந்தது. ஆட்டத்தில் இத்தகைய பணிக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இத்தனை கனிமம் செலவு, இத்தனை மாதம் பொறுத்திரு, இத்தனை ஆற்றல் வரவு. ஆனால் மேட்டூர் நீர்த்தேக்கம் வெகுவாக வற்றும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் சென்று பாருங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி நீருக்கு வெளியே தலை காட்டும். பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் தெரியும். அங்கே ஊர்கள் இருந்தன. வீடும் வழிபாடும் விட்டு எழுந்து சென்ற மக்கள் இருந்தார்கள். அணை கட்டியது தவறு என்று நான் சொல்லவரவில்லை. அதன் நீரால் உண்டு வளர்ந்தவர் எத்தனையோ இலட்சம் பேர். வரவும் செலவும் எழுதிய ஏட்டில் அந்த நந்திக்கு ஒரு வரி இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆட்டத்திலும் மக்களுக்கு மகிழ்ச்சி என்று ஓர் எண் உண்டு. அது குறைந்தால் விளைச்சல் குறையும். மிகக் குறைந்தால் கலகம் எழும். ஆகவே ஆடுபவர் அதைக் கவனிக்கிறார். எதற்காகக் கவனிக்கிறார்? விளைச்சலுக்காக. ஒரு கிரகத்து மக்களை இன்னொரு கிரகத்துக்குப் பெயர்த்து அனுப்புவதும் அங்கே ஒரு பொத்தான்தான். இதில் விளையாட்டைச் செய்தவர்களைக் குறைகூறிப் பயனில்லை. எந்த மாதிரியும் எல்லாவற்றையும் உள்ளடக்க முடியாது. உள்ளடக்கினால் அது மாதிரியாக இராது, உலகமாகவே ஆகிவிடும். எதை விட்டோம் என்று அறிந்து விடுவது அறிவு. விட்டதே தெரியாமல் ஆள்வது ஆபத்து.

நேர்மையான மாதிரிக்கு ஓர் எடுத்துக்காட்டு நாமக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்ப் பக்கங்களில் அனார்த்தொசைட் என்னும் வெளிர்நிறப் பாறை கிடைக்கிறது. பூமியில் இது பரவலாகக் காணப்படும் பாறை அன்று. ஆனால் சந்திரனில் நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரியும் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் இவ்வகைப் பாறையால் ஆனவை. சந்திரனில் இறங்கப்போகும் கலத்தின் கால்களையும் ஊர்தியின் சக்கரங்களையும் இங்கே சோதிக்க வேண்டும்; சோதிப்பதற்குச் சந்திரனின் மண் வேண்டும். அயல்நாட்டிலிருந்து வாங்குவதென்றால் பெருஞ்செலவு. நம் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையினரின் துணையோடு, 2012 முதற்கொண்டு இந்த வட்டாரத்துப் பாறையைப் பெற்று, உடைத்துப் பொடித்து, சந்திர மண்ணைப்போல் ஆக்கிக்கொண்டார்கள். ஏறத்தாழ 50 டன் இவ்வாறு சென்றது. அம்மண்ணைச் செய்யும் முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது.

நண்பர்களே, அந்த மண்ணும் ஒரு மாதிரிதான். பெங்களூரில் பரப்பிய நாமக்கல் மண் சந்திரன் ஆகிவிடாது. சந்திரனில் காற்று இல்லை. எடை ஆறில் ஒரு பங்கு. வெப்பமும் குளிரும் வேறு. மண்ணின் தன்மையை மட்டும் இது ஒத்திருக்கிறது, மற்றவற்றை வேறு வழியால் சோதிக்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் அறிந்தே அதைப் பயன்படுத்தினார்கள்.

அவ்வளவு விழிப்போடு இருந்தும், 2019 செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான் 2இன் இறங்குகலம் தரையைத் தொடும் தறுவாயில் தொடர்பு இழந்தது. மண்ணின் மாதிரியில் குறை இல்லை. இறங்கும்போது வேகத்தைக் குறைக்கும் கட்டத்தில், கணக்கிட்டு வைத்த எல்லையைக் கடந்த விலகல்கள் நேர்ந்தன. அதன்பின் விஞ்ஞானிகள் கேள்வியையே மாற்றிக்கொண்டார்கள். எப்படி வெற்றி பெறுவது என்று கேட்பதற்கு மாறாக, எவை எவை பிழைபடக்கூடும், பிழைபட்டாலும் எப்படித் தப்புவது என்று கேட்டார்கள். கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்கும் பரப்பைப் பல மடங்கு விரித்தார்கள். 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான் 3 தென்துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கி நின்றது. நாமக்கல் மண்ணில் ஓடிப் பழகிய சக்கரங்களின் வழிவந்த சக்கரங்கள் சந்திரனின் மண்ணில் ஓடின.

ஸ்டெல்லாரிஸ் ஆட்டத்தில் 'இரும்பு மனிதன்' என்று ஒரு முறை உண்டு. மற்ற முறைகளில், தோல்வி வந்தால் முன்பு சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் மீண்டும் ஆடலாம். இந்த முறையில் அந்தச் சலுகை கிடையாது. செய்தது செய்ததுதான். ஆடும் மாணவர்களுக்கு நான் இந்த முறையையே பரிந்துரைப்பேன். சந்திரயானுக்கும் மேட்டூருக்கும் திரும்பிப் போகும் பொத்தான் இல்லை அல்லவா?

ஆகவே ஆடுங்கள், ஆனால் ஆடும்போது கையில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விதியையும் பார்த்து, மெய்யுலகில் இதற்கு ஒத்தது எது, இதில் விடுபட்டவர் யார் என்று எழுதுங்கள். அதன்பின், நிரல் எழுதக் கற்றவர்கள் ஒரு சிறு ஆட்டத்தை நீங்களே செய்து பாருங்கள். விண்மீன்கள் வேண்டாம், மேட்டூர் அணை ஒன்று போதும். முழு நீர்மட்டம் 120 அடி. மழை பகடைபோலப் பொழிகிறது. ஜூன் 12இல் நீர் திறக்கவேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். படுகையில் குறுவை விதைக்கக் காத்திருக்கும் உழவர் ஒருபுறம், குடிநீர் கேட்கும் ஊர்கள் ஒருபுறம், மின்சாரம் கேட்கும் ஆலைகள் ஒருபுறம். மதகைத் திறப்பவர் நீங்கள். அந்த ஆட்டத்திற்கு விதி எழுத உட்காரும்போது, யாருடைய துன்பத்திற்கு எத்தனை புள்ளி வைப்பது என்ற கேள்வி உங்கள் முன் வந்து நிற்கும். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் அரசியல் கல்வியின் தொடக்கம்.